கீபோர்டு வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

என்னிடம் கீபோர்டு பயிலும் மாணவி ஒருத்தியின் தந்தை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் வகுப்பறைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுடன் வந்தார். அதில் கோடு போட்டு, இடப்பக்கம் ஒரு மாடல், வலப்பக்கம் இன்னொரு மாடல் என்று விவரங்களை அழகாக எழுதியிருந்தார். "சார், இதுல அறுநூத்துச் சொச்சம் டோன், அதுல எண்ணூத்துச் சொச்சம். எதை வாங்கலாம், நீங்களே சொல்லிடுங்க" என்றார். டோன் என்பது பியானோ, புல்லாங்குழல் என்று கருவி தரும் ஒவ்வொரு ஒலிவகை. "பாப்பா ரெண்டையும் வாசிச்சுப் பாத்துதா?" என்று கேட்டேன். "இல்ல சார், கடைல பெட்டியத்தான் காட்டுனாங்க" என்றார். கடலூரிலும் புதுச்சேரியிலும் முதல் கீபோர்டு வாங்குகிறவர்களில் பலர் இப்படித்தான் அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களை வைத்து முடிவு செய்கிறார்கள். என் முதல் கருவியை நானும் அப்படித்தான் வாங்கினேன். கருவிகளை அவற்றின் எண்களால் ஒப்பிடாமல், ஒரே பாட்டை ஒவ்வொன்றிலும் ஒரே முறையில் வாசித்து ஒப்பிடுவது எப்படி என்பதையே இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

எது அரேஞ்சர், எது அரேஞ்சர் அல்ல

கடைக்காரர் எல்லாவற்றையும் கீபோர்டு என்றே சொல்வார். இடக்கையால் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடித்தால் தாளம், பேஸ், கிதார், பின்னணி வயலின் ஆகியவை அந்தக் கார்டுக்கு ஏற்பத் தாமாகவே சேர்ந்து ஒலிக்க, வலக்கை மெட்டை வாசிக்கிறது என்றால், அதுதான் அரேஞ்சர். அந்தப் பின்னணித் தொகுப்புக்கு யமஹாவில் ஸ்டைல் என்று பெயர், கேசியோவில் ரிதம் என்று பெயர். யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசை, கேசியோவின் சிடி-எக்ஸ் வரிசை, கோர்க்கின் பிஏ வரிசை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நம் பக்கத்து மேடைகளில் அடிக்கடி காணப்படும் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 ஒரு சிந்தசைசர். அதில் கார்டைப் பின்தொடரும் ஸ்டைல் கிடையாது, உள்ளே ஸ்பீக்கரும் கிடையாது. "கச்சேரியில அந்த அண்ணன் வச்சிருந்தாரே, அதே வேணும்" என்று மகன் கேட்டதற்காக அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து, சுவிட்சைப் போட்டும் சத்தமே வரவில்லை என்று திகைத்து நின்ற குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். கருவியில் குற்றமில்லை. மேடையில் இசைக்குழுவுடன் சேர்ந்து வாசிப்பதற்காகச் செய்யப்பட்ட ஒன்றை, தனியாக அமர்ந்து பழகப்போகும் பிள்ளைக்கு வாங்கிவிட்டார்கள்.

பியானோ தேர்வு எழுத நினைப்பவருக்கும் அரேஞ்சர் உதவாது. அதற்கு 88 கட்டைகளும் எடையுள்ள அழுத்தமும் கொண்ட டிஜிட்டல் பியானோ வேண்டும். டிரினிட்டி காலேஜ் லண்டன் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கென்றே தனியாகக் கிரேடு தேர்வுகளை நடத்துகிறது. அந்த வழியில் போகிறவர், எந்தக் கிரேடுக்குக் கருவியில் என்னென்ன வசதி தேவை என்பதைப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டியது

கடைக்குப் புறப்படும் முன் ஒரு தாளில் மூன்று பாட்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வாசிக்கத் தெரிந்தவையாகவோ, ஆறு மாதத்தில் வாசிக்க விரும்புபவையாகவோ அவை இருக்கலாம். ஒன்று மெதுவான மெலடியாக இருக்கட்டும். ஒன்று ஆறெட்டு நடையில் துள்ளும் குத்துப்பாட்டாகவோ கும்மியாகவோ இருக்கட்டும். மற்றொன்று நீங்கள் உண்மையில் வாசிக்கப்போகும் இடத்தைச் சார்ந்ததாக, அதாவது கோயில் பஜனையோ தேவாலயப் பாடலோ கல்யாண மேடைப் பாட்டோ எதுவாக இருந்தாலும் அதிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். எந்தக் கடையிலும் எந்தக் கருவியிலும் இந்த மூன்றையே வாசிக்க வேண்டும். கருவிக்குள் இருக்கும் டெமோ பாட்டை ஒருபோதும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அது அந்தக் கருவியின் பலம் தெரியும்படி, அதைச் செய்தவர்களே தேர்ந்த கலைஞர்களை வைத்து அமைத்தது. அதைக் கேட்டால் பத்தாயிர ரூபாய்க் கருவியும் லட்ச ரூபாய்க் கருவி போலத்தான் தெரியும்.

உங்களுக்கு இன்னும் வாசிக்கவே தெரியாதென்றால், தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சிற்றுண்டிச் செலவும் பேருந்துச் செலவும் உங்களுடையது என்றால் எந்தக் கீபோர்டு வாசிப்பவரும் மறுக்க மாட்டார். வீட்டில் பயன்படுத்தும் ஒரு ஹெட்போனையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு கடையின் கூடம் எதிரொலிக்கும், இன்னொன்றில் ஏசியும் வாசலில் பஸ் ஹாரனும் சேர்ந்து இரையும். ஒரே ஹெட்போனில் கேட்டால்தான் இரண்டு கருவிகளின் ஒலியை நியாயமாக ஒப்பிட முடியும். வீட்டு ஹெட்போன்களின் முனை பெரும்பாலும் சிறியது, கருவிகளில் பலவற்றின் துளை பெரியது என்பதால், மாற்று முனை ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கையால் சோதித்தல்

கருவியின் முன் அமர்ந்ததும் ஸ்டைலைத் தொடாமல், பியானோ டோனை மட்டும் வைத்து, ஒரே கட்டையை மிக மெல்ல ஒரு முறையும் ஓங்கி ஒரு முறையும் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே சத்தத்தில் வந்தால் அதில் டச் இல்லை, அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதன் அருமை புரியும். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இரண்டு தொடுமுனைகள் உள்ளன. விரல் அழுத்தும்போது முதலாவது ஒரு கணம் முன்பும் இரண்டாவது ஒரு கணம் பின்பும் தொடுகின்றன. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, நேரம் குறைவாக இருந்தால் ஓங்கி அடித்ததாகவும், கூடுதலாக இருந்தால் மெல்ல அழுத்தியதாகவும் கருவி கணக்கிடுகிறது. யமஹா பிஎஸ்ஆர்-இ273 போன்ற தொடக்க மாடல்களில் இந்த வசதி இல்லை. அதற்கு அடுத்த படியான பிஎஸ்ஆர்-இ373-இல் உண்டு. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மிச்சப்படுத்துவது வீண் சிக்கனம் என்பது என் கருத்து. டச் இல்லாத கருவியில் ஓராண்டு பழகிய விரல்களுக்கு, மெல்ல வாசிப்பது என்றால் என்ன என்றே தெரியாமல் போய்விடுகிறது. அதைப் பிறகு திருத்துவதற்குள் ஆசிரியருக்கு மூச்சு முட்டிவிடும்.

கட்டைகளின் அகலத்தையும் பாருங்கள். முழு அளவுக் கருவியில் ஒரு ஸ்தாயி ஏறக்குறைய பதினாறரை சென்டிமீட்டர் இருக்கும். அதைவிடக் குறுகிய சிறு கட்டைகள் உள்ள கருவியைக் குழந்தைக்கென்று வாங்கினால், அதில் பழகிய கை பெரிய கருவிக்கு மாறும்போது விரல் தள்ளித் தள்ளி விழும். 61 கட்டைகள், அதாவது ஐந்து ஸ்தாயிகள், நம் தேவைக்குப் போதும். 76 கட்டைகள் இடக்கைக்குத் தாராளமாக இடம் தரும் என்பது உண்மைதான், ஆனால் ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் போக வேண்டியதையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது, சுரத்தை வழுக்க வைக்கும் பெண்டர். கருவியின் இடது ஓரத்தில் சக்கரமாகவோ சிறு நெம்புகோலாகவோ இருக்கும். நம் மெட்டுகளில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் இடங்கள் மிகுதி. நாதஸ்வரம், புல்லாங்குழல், வயலின் போன்ற டோன்களை வைத்துக்கொண்டு பெண்டர் இல்லாமல் வாசித்தால், நம் சங்கீதத்தில் தோய்ந்த காதுக்கு அது படிக்கட்டில் குதித்து இறங்குவது போல் கேட்கும். பிஎஸ்ஆர்-இ373-இல் பெண்டர் இல்லை, பிஎஸ்ஆர்-இ473-இல் உண்டு. தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குக் கார்டு மட்டும் பிடிப்பவருக்கு இது பெரிய குறையன்று. கர்நாடக சங்கீதம் பழகிய பிள்ளைக்கு மிகப் பெரிய குறை.

ஸ்டைலை ஓடவிட்டுச் சோதித்தல்

இதுதான் அரேஞ்சரின் உயிர்நாடி என்பதால் இதற்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். உங்கள் பட்டியலின் முதல் பாட்டுக்குப் பொருந்தும் ஸ்டைலைத் தேடுவதிலிருந்தே சோதனை தொடங்கிவிடுகிறது. நான்கு பொத்தான்களுக்குள் அது கைக்கு வருகிறதா, அல்லது இருநூற்றுச் சொச்சம் ஸ்டைல்களையும் ஒவ்வொன்றாக உருட்ட வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நான்கு கார்டுகளை இடக்கையால் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். கார்டு மாறும்போது பேஸும் கிதாரும் சரியான சுரத்துக்கு உடனே நகர்கின்றனவா, அல்லது ஒரு கணம் இழுபட்டுப் பின்னரே வருகின்றனவா என்று கேளுங்கள். அடுத்து மைனர் செவன்த், டிமினிஷ்டு, சஸ் ஃபோர் ஆகிய கார்டு வகைகளைப் பிடித்துப் பாருங்கள். சினிமாப் பாட்டுகளில் இவையெல்லாம் தாராளமாக வரும். சி கார்டுக்கு அடியில் இ பேஸ் வரும்படி வாசிக்க முடிகிறதா என்றும் சோதியுங்கள். அதற்கான கார்டு முறை சில கருவிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

இன்ட்ரோ (தொடக்கம்), ஃபில்-இன் (இடையில் வரும் தாள நிரப்பு), எண்டிங் (முடிவு) பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். இதை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. பண்ருட்டியில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில், சரணத்துக்கு முன் ஃபில்-இன் போடுவதாக நினைத்து, பக்கத்தில் அதே அளவில் இருந்த எண்டிங்கை அழுத்திவிட்டேன். டிரம்ஸும் பேஸும் இரண்டு தாளச் சுற்றில் கம்பீரமாக முடித்துக்கொண்டு நின்றுவிட்டன. பாடகி மட்டும் தாளமில்லாமல் ஒரு முழு அடியையும் பாடி முடித்தார். மணமேடையில் இருந்தவர்கள் பாட்டு முடிந்ததென்று கை தட்டினார்கள். அந்தக் கருவியைக் கடையில் பார்த்த அன்று, அதன் பொத்தான்களை நான் ஒரு முறைகூட வாசித்துக்கொண்டே அழுத்திப் பார்த்ததில்லை. இன்ட்ரோவுக்கும் எண்டிங்குக்கும் ஒரே பொத்தான் உள்ள கருவிகளும் உண்டு; பழகிவிட்டால் தொல்லையில்லை, ஆனால் அதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்திய மாடல் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசையும், பெயரின் முடிவில் ஐஎன் என்று வரும் கேசியோ மாடல்களும் இந்தியச் சந்தைக்கென்றே தபலா, தம்புரா போன்ற ஒலிகளுடனும் நம் நாட்டு ரிதங்களுடனும் வருகின்றன. ஆனால் இந்தியா என்பதில் தமிழ்நாடு எவ்வளவு இருக்கிறது என்பதைக் காதால் கேட்டே முடிவு செய்யுங்கள். தபலாவும் டோலக்கும் ஓடும் நடைகள் வேறு, தவிலும் பறையும் உருமியும் எழுப்பும் நடை வேறு. உங்கள் பட்டியலில் உள்ள குத்துப்பாட்டுக்கு எந்த ஸ்டைலும் ஒத்துவராவிட்டால், வெளியிலிருந்து ஸ்டைல் ஏற்ற முடியுமா, எத்தனை ஏற்றலாம், பென்டிரைவ் வழியாகவா கணினி வழியாகவா என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்துக்கென்று செய்த ஸ்டைல் கோப்பு இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொதுவாக ஓடாது. ஒரே நிறுவனத்திலும் பெரிய மாடலுக்குச் செய்தது சிறிய மாடலில் பாதி மொட்டையாக ஒலிக்கும். "ஆயிரம் தமிழ் ஸ்டைல் பென்டிரைவ் இலவசம்" என்று யாராவது சொன்னால், அதில் மூன்றை அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மிஸ்ர சாபு, கண்ட சாபு என்று ஏழிலும் ஐந்திலும் வாசிக்க விரும்புபவர்களுக்கு ஆயத்த ஸ்டைல்கள் அநேகமாகக் கைகொடுக்காது. தாளம் தட்டும் மெட்ரோனோமையாவது ஏழுக்கு வைக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கட்டைக் கணக்கும் டிரான்ஸ்போஸும்

நம் பாடகர்கள் சுருதியைக் கட்டையில் சொல்வார்கள். இது விரலால் அழுத்தும் கட்டை அல்ல, சுருதியின் அளவு. சி என்பது ஒரு கட்டை, சி ஷார்ப் ஒன்றரை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஜி ஷார்ப் ஐந்தரை, ஏ ஆறு. சி-யில் மட்டும் கார்டு பிடிக்கத் தெரிந்த புதியவரிடம் ஒருவர் ஒன்றரைக் கட்டை கேட்டால் டிரான்ஸ்போஸை, அதாவது கருவி முழுவதன் சுருதியையும் ஏற்றி இறக்கும் வசதியை, ஒன்று ஏற்றினால் போதும். பாடகி ஐந்தரைக் கட்டை கேட்டால் நான்கு இறக்க வேண்டும். இதை மேடையில் இரண்டு பாட்டுக்கு இடையே, வியர்த்த விரலால், மங்கிய வெளிச்சத்தில் செய்ய வேண்டியிருக்கும். எனவே டிரான்ஸ்போஸுக்கு மேல்பரப்பிலேயே தனிப் பொத்தான் இருக்கிறதா, அல்லது ஃபங்ஷன் என்ற பட்டியலுக்குள் போய்த் தேட வேண்டுமா என்று பாருங்கள். டோன், ஸ்டைல், டெம்போ, டிரான்ஸ்போஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொத்தானில் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பெட்டியில் உள்ள எண்களில் மதிக்கத்தக்கவை

ஒரு எண்ணை மட்டும் நான் பொருட்படுத்துவேன்: பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்க முடியும் என்பது. பிஎஸ்ஆர்-இ273-இல் அது 32, இ373-இல் 48, இ473-இல் 64, எஸ்எக்ஸ்600-இல் 128. வலக்கையில் மூன்று சுரம் பிடித்து, அதற்குப் பியானோவையும் வயலினையும் சேர்த்து வைத்தால் உடனே ஆறு செலவாகிவிடும். பின்னால் டிரம்ஸ், பேஸ், கிதார் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். சஸ்டெயின் பெடலை மிதித்தால் பழைய சுரங்களும் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். கையிருப்புத் தீர்ந்ததும் கருவி பழைய சுரம் ஒன்றைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுகிறது. இதைக் கடையிலேயே கேட்கலாம்: நெரிசலான ஸ்டைல் ஒன்றை ஓடவிட்டு, பெடலை மிதித்தபடி கீழ் ஸ்தாயியிலிருந்து மேல்வரை ஏறிச் செல்லுங்கள். முதலில் வாசித்த சுரம் மெல்லத் தேயாமல் பட்டென்று அறுந்தால், எல்லை எங்கே என்று தெரிந்துவிடும்.

டோன்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, அறுநூறு டோன்களில் பழக்கத்தில் இருக்கப்போவது இருபதுக்கும் குறைவு. பியானோ, ஸ்ட்ரிங்ஸ், ஆர்கன், புல்லாங்குழல், நாதஸ்வரம் அல்லது ஷெனாய், நைலான் கிதார் ஆகிய ஆறை மட்டும் இரண்டு கருவியிலும் அடுத்தடுத்துக் கேட்டு, எது உங்கள் காதுக்கு இதமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரின் வாட் கணக்கு, எங்கே வாசிக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கேசியோவின் சிடி-எக்ஸ்3000, சிடி-எக்ஸ்5000 இரண்டிலும் டோன் 800, ரிதம் 235 என்று ஒன்றுபோலவே இருக்கும். முன்னதில் பக்கத்துக்கு 6 வாட் ஸ்பீக்கர், பின்னதில் 15 வாட். வீட்டுக் கூடத்துக்கு 6 வாட் போதும். தெருமுனை பஜனை மடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்க வேண்டுமானால் 15 வாட்டின் பயன் தெரியும். எப்படியும் மைக் செட்டின் மிக்சரில் செருகித்தான் வாசிப்பேன் என்பவர் ஸ்பீக்கருக்குப் பணம் கொடுப்பதைவிட, இடம் வலம் என்று தனித்தனி லைன் அவுட் ஜாக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட்போன் துளையையே மைக் செட்டுக்கும் பயன்படுத்தினால், அதில் செருகியவுடன் கருவியின் சொந்த ஸ்பீக்கர் அடங்கிவிடும். மேடையில் உங்களுக்கே நீங்கள் வாசிப்பது கேட்காது.

எங்கே வாங்குவது

கடலூர்க்காரர்களுக்குப் பாண்டிச்சேரியில் வாங்கினால் மலிவு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறுபட்ட காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தபின், ரெட்டிச்சாவடியைத் தாண்டுவதால் வரியில் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. கடைக்குக் கடை தள்ளுபடி வேறுபடலாம், அவ்வளவுதான். போய்வரக் காரணம் வேண்டுமானால், கூடுதல் மாடல்களை வெளியே எடுத்து வைத்து வாசிக்க விடும் கடை எது என்பது காரணமாக இருக்கட்டும். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட மாடல்களைத் தொட்டுப் பார்க்க விரும்பினால் சென்னைக்குப் போவதே பயன் தரும். இணையத்தில் விலை குறைவாகக் கிடைக்கும்போது, கடையில் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த விலையைச் சொல்லிக் கேட்டால், ஸ்டாண்டையோ பையையோ சேர்த்துக் கொடுக்கக் கடைக்காரர்கள் பெரும்பாலும் இசைகிறார்கள்.

வெளிநாட்டு உறவினர் கொண்டு வரும் கருவி புதுச்சேரிக்கே உரிய விஷயம். பிரான்சிலிருந்து வருவது நம் மின்னழுத்தத்திலேயே ஓடும், பிளக் மட்டும் மாற வேண்டும். ஜப்பானிலிருந்து வருவது 100 வோல்ட்டுக்கும் அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கும் செய்த அடாப்டருடன் வரலாம். அதன் மேல் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தாலன்றி நம் வீட்டுப் பிளக்கில் செருகாதீர்கள். உள்ளே செல்லும் அளவும் கருவிக்குக் கருவி 12 வோல்ட், 9.5 வோல்ட் என்று மாறுவதால், முனை பொருந்துகிறது என்பதற்காக ஒன்றின் அடாப்டரை மற்றொன்றில் போடக் கூடாது.

பழைய கருவி வாங்குபவர்கள், காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினாலும் தெரிந்தவரிடம் வாங்கினாலும், 61 கட்டைகளையும் ஒன்றுவிடாமல் ஒரே அழுத்தத்தில் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன தொடுமுனைகளில் அழுக்கோ உப்போ படிந்திருந்தால், அந்தக் கட்டை ஊமையாக இருக்கும். அல்லது எவ்வளவு மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் கத்தும். கடலிலிருந்து சில தெருக்கள் தள்ளி இருந்த வீடுகளின் கருவிகளில் இந்தக் கோளாறை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு கட்டை என்றால், ரப்பர் பட்டையைக் கழற்றித் துடைத்துச் சரி செய்துவிடலாம். பழுது பார்ப்பவரிடம் கூலியை முன்பே கேட்டு, அதை விலையில் குறைத்துப் பேசுங்கள். வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று ஒலிக்கிறதா என்றும், திரையில் எழுத்துகள் முழுமையாகத் தெரிகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

பில் போடும் முன்

கடையில் வாசித்துப் பார்த்த கருவி வேறு, பெட்டியில் வருவது வேறு என்பதால், பெட்டியைக் கடையிலேயே பிரித்து, சுவிட்சைப் போட்டு, அடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். வாரண்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் எந்த ஊரில் நடக்கிறது, கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலைப் பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். ஸ்டாண்டு, பை, சஸ்டெயின் பெடல் ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். பெடலை அந்தக் கருவியிலேயே செருகிச் சோதியுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இணைப்பு முறை தலைகீழாக இருப்பதால், சில பெடல்கள் காலை எடுத்தால் இழுபடும், மிதித்தால் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். வாசித்து முடித்தபின் பிளாஸ்டிக் உறை போட்டு இறுக மூடினால், நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளேயே தங்கி, மேலே சொன்ன உப்புக் கோளாறை விரைவில் கொண்டு வரும். என் கருவியின் மேல் இருப்பது, என் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை இரண்டாக மடித்துத் தைத்த உறை. மாதம் ஒரு முறை துவைத்து, வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுகிறேன்.